18 வயதுப் பிள்ளைக்குக் கார் இன்சூரன்ஸ் 2,240 பவுண்டு: எம்பிக்கு எழுதினால் எதைக் கேட்பது?

ரெயினர்ஸ்லேன் அப்பா | திங்கள், இரவு 9:12

மகனுக்கு 18 வயது. போன மாதம்தான் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணினான். எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸாக வேலை பழகுகிறான். இந்த வாரம் காலை ஏழரைக்கு ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் நிற்க வேண்டும், அடுத்த வாரம் வாட்ஃபோர்டுக்கு அப்பால் இன்னொரு சைட். டிரில், கேபிள் டெஸ்டர் எல்லாம் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு அந்த நேரத்தில் பஸ் மாறி மாறிப் போகிற கதை நடக்காது. அதனால் பழைய ஹூண்டாய் ஐ10 ஒன்றை 2,100 பவுண்டுக்கு வாங்கிக் கொடுத்தோம்.

கம்பேரிசன் தளங்கள் எல்லாவற்றிலும் தேடியாகிவிட்டது. ஆகக் குறைந்த கொட்டேஷன் 2,240 பவுண்டு. அதுவும் ஓட்டும் விதத்தை அளக்கும் பிளாக் பாக்ஸ் பூட்டச் சம்மதித்தால்தான். மாதத் தவணை என்றால் வட்டியும் சேர்ந்து 2,500ஐத் தாண்டுகிறது. காரின் விலையைவிடக் காப்புறுதி அதிகம்! இதே வீட்டில், இதே வாசலில் நிற்கிற என் காருக்கு நான் கட்டுவது 560.

பிள்ளை இன்னும் ஒரு தவறும் செய்யவில்லை. செய்யப்போகிறான் என்று முன்கூட்டியே அபராதம் வாங்குகிறார்கள். லண்டனில் ஹாரோ பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எம்பிக்கு ஒரு கூட்டுக் கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 1,000 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் கேட்போம். யார் யார் வருகிறீர்கள்?

தவமணி | திங்கள், இரவு 9:30

என் பெயரைப் போடுங்கள் அண்ணை. மகளுக்கு 19. கெயார் வேலை, வீடு வீடாகப் போக வேண்டும், கார் இல்லாமல் அந்த வேலையே இல்லை. சம்பளத்தில் இரண்டு மாதம் காப்புறுதிக்கே போகிறது.

குரொய்டன்காரன் | திங்கள், இரவு 10:05

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் மற்றப் பக்கமும் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் லைசன்ஸ் வைத்திருப்பவர்களில் 17 முதல் 24 வயது வரை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். ஆனால் கார் விபத்துகளில் இறந்தவர்களையும் படுகாயம் அடைந்தவர்களையும் எண்ணினால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் அந்த வயது ஓட்டுநர் ஒருவர் சம்பந்தப்பட்ட விபத்தில் சிக்கியவர்கள். இது போக்குவரத்து அமைச்சின் கணக்கு, கம்பனிக்காரன் சொன்னதல்ல.

உங்கள் மகன் நல்ல பிள்ளைதான். கம்பனிக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்கு 1,000 என்று கட்டிப்போட்டால் மிச்சத்தை யார் கட்டுவது? நானும் நீங்களும்தான்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | திங்கள், இரவு 10:21

அண்ணை, இதற்கு ஏன் எம்பி? காரை உங்கள் பெயரில் எடுங்கள். நீங்கள் மெயின் டிரைவர், பொடியனை நேம்ட் டிரைவராக, அதாவது கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். பாதியாகக் குறையும். எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 11:48

கதிர் சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மோட்டார் பிரீமியம் கணக்கிடும் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதற்குப் பெயர் ஃபிரண்டிங். சட்டப்படி மோசடி. காரை உண்மையில் அதிகம் ஓட்டுவது யாரோ அவர்தான் மெயின் டிரைவர். விபத்து நடந்தால் விசாரிப்பார்கள்: கார் தினமும் எங்கே நிற்கிறது, அப்பாவுக்கு வேறு கார் இருக்கிறதா, பையன் வேலைக்கு எப்படிப் போகிறான் என்று. காலை ஏழரைக்கு ஹெமல் ஹெம்ஸ்டெட் கட்டட வாசலில் நிற்கும் ஐ10 யாருடையது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. கண்டுபிடித்தால் உங்கள் காருக்கான க்ளெய்மை மறுப்பார்கள், எதிர்த் தரப்புக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். பாலிசியை ரத்து செய்துவிட்டால் இன்னும் மோசம். “எப்போதாவது உங்கள் பாலிசி ரத்தானதா?” என்ற கேள்வி அதற்குப் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் வரும், உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசன்ஸில் ஆறு தண்டனைப் பாயிண்டு. டெஸ்ட் பாஸாகி இரண்டு வருடத்துக்குள் ஆறு பாயிண்டு சேர்ந்தால் லைசன்ஸே போய்விடும், மறுபடி எல் போர்டில் இருந்து தொடங்க வேண்டும். 1995இல் வந்த சட்டம் இது. அப்ரென்டிஸ் பையனுக்கு அதோடு வேலையும் போச்சு.

நேர்மையான வழியும் இருக்கிறது. மகனே மெயின் டிரைவர், அனுபவமுள்ள அப்பாவோ அம்மாவோ நேம்ட் டிரைவர். அவர்களும் உண்மையில் எப்போதாவது அந்தக் காரை ஓட்டுவார்கள் என்றால் இது முற்றிலும் சரி, பிரீமியமும் ஓரளவு குறையும். பாலிசி தொடங்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். கடைசி நாளில் வாங்குகிறவரை எங்கள் விலைக் கணக்கு மாடல் அபாயம் கூடியவராகப் பார்க்கும். மூன்றாம் தரப்பு மட்டும் (மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்) எடுத்தால் மலிவு என்று நினைக்க வேண்டாம், பல நேரம் உங்கள் காரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ்தான் குறைவு.

அடுத்து, 2,100 பவுண்டுக் காருக்கு ஏன் 2,240? காரின் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உங்கள் கார் நொறுங்கினால் எங்களுக்குப் போவது அதிகபட்சம் அந்த 2,100. எங்களைப் பயமுறுத்துவது ஆள் காயம். பிரிட்டனில் மூன்றாம் தரப்பு ஆள் காயத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இரவில் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போன 18 வயதுப் பையன் மரத்தில் மோதி, பின்சீட்டில் இருந்த 17 வயதுப் பெண்ணுக்கு மூளையில் அடிபட்டால், அவளுடைய மிச்ச ஆயுள் முழுவதற்குமான பராமரிப்புச் செலவைக் கட்ட வேண்டும். ஒரே க்ளெய்ம் பல மில்லியன் பவுண்டு ஆகலாம். வயது குறைந்தவர்களின் பிரீமியத்தில் பெரிய பங்கு இந்த அரிதான, பயங்கரமான க்ளெய்ம்களுக்குத்தான்.

அந்தத் தொகையை மொத்தமாகக் கொடுக்கும்போது, அதை முதலீடு செய்தால் எவ்வளவு வருமானம் வரும் என்று அரசு ஒரு வீதம் நிர்ணயிக்கிறது. ஆக்டன் வீதம் என்பார்கள். 2017 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை 2.5 சதவீதத்தில் இருந்து ஒரேயடியாக மைனஸ் 0.75க்கு இறக்கினார்கள். வீதம் இறங்கினால் கொடுக்க வேண்டிய தொகை ஏறும். அந்த வருடம் இளைஞர்கள் அடி வாங்கினார்கள். 2019இல் மைனஸ் 0.25. 2025 ஜனவரியில் பிளஸ் 0.5 ஆக்கினார்கள். இழப்பீட்டுச் செலவு ஏறியபோது பிரீமியத்தில் ஏற்றிய நிறுவனங்கள், செலவு இறங்கியதை முழுதாகத் திருப்பித் தந்தனவா என்பது நியாயமான கேள்வி. இதை நான் என் பெயரில் எழுத முடியாது, நீங்கள் கேட்கலாம்.

அதனால் அண்ணா, 1,000 பவுண்டு உச்சவரம்பு வேண்டாம். 2017 மார்ச்சில் இதே கோரிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனது. 18 முதல் 25 வயது வரை 1,200 பவுண்டுக்கு மேல் கூடாது என்ற மனுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதம் நடந்தது. விலை நிர்ணயம் நிறுவனங்களின் வணிக முடிவு என்று அரசு சொன்னது. அதோடு முடிந்தது. வரம்பு போட்டால் பல நிறுவனங்கள் 25 வயதுக்குக் கீழே கொட்டேஷனே தராது. உங்கள் மகனுக்கு 2,240கூடக் கிடைக்காது.

ரெயினர்ஸ்லேன் அப்பா | செவ்வாய், காலை 6:50

விளக்கத்துக்கு நன்றி. சரி, வரம்பு வேண்டாம் என்றால் எதைக் கேட்பது? “உங்கள் விதி, கட்டுங்கள்” என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினீர்களா?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், பகல் 1:15

இல்லை. அந்த 2,240ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 240 பவுண்டு எங்களுக்கு வருவதில்லை. இன்சூரன்ஸ் பிரீமியம் டாக்ஸ், 12 சதவீதம், நேராக அரசுக்கு. 1994இல் இந்த வரி தொடங்கியபோது 2.5 சதவீதம். 2015இல் 9.5, 2016இல் 10, 2017 ஜூனில் இருந்து 12. பிரீமியத்தின் மேல் சதவீதமாகப் போடுவதால் நீங்கள் 560இல் 60 பவுண்டு வரி கட்டுகிறீர்கள், உங்கள் மகன் அதே வரியை நான்கு மடங்கு கட்டுகிறான். அப்ரென்டிஸ் சம்பளத்தில்! மூன்றாம் தரப்புக் காப்பீடு 1930 முதல் சட்டப்படி கட்டாயம். கட்டாயமாக வாங்கச் சொல்லிவிட்டு, வாங்க முடியாதவனிடம் அதிக வரி வாங்குவது எந்த நியாயம்? ஆயுள் காப்பீட்டுக்கு இந்த வரியே கிடையாது. லைசன்ஸ் வாங்கிய முதல் இரண்டு வருடத்துக்கு மோட்டார் பிரீமியத்தில் வரி விலக்கு கேளுங்கள். கருவூலம் ஒரு பட்ஜெட்டில் செய்துவிடக்கூடியது. எந்த நிறுவனமும் எதிர்க்காது, என் நிறுவனமும்தான்.

குரொய்டன்காரன் | செவ்வாய், பகல் 1:40

இதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பழனியப்பன்_ரெடிங் | செவ்வாய், மாலை 6:20

நம்ம ஊரில் இது வேறு மாதிரி. இந்தியாவில் மூன்றாம் தரப்பு பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்தபடி தனியார் காருக்கு 1,000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஓட்டுபவருக்கு 18 வயதா 60 வயதா என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் என் அக்கா பையன் லைசன்ஸ் வாங்கிய வாரமே ஆல்ட்டோ எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போய்விட்டான். கட்டியது என் அப்பா கட்டுகிற அதே தொகை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 7:02

நல்ல கேள்வி சார். இரண்டு விஷயம். அங்கே இழப்பீட்டுத் தொகை இந்த அளவுக்கு இல்லை, தீர்ப்பாயத்தில் வருடக்கணக்கில் இழுக்கும். அப்புறம், மூன்றாம் தரப்பில் நஷ்டம் வந்தால் நிறுவனங்கள் அதை வேறு வகை பாலிசிகளில் ஈடுகட்டிக்கொள்கின்றன. ஆனாலும் அடிப்படை உண்மைதான்: வயதைப் பார்ப்பதா வேண்டாமா என்பது இயற்கை விதி இல்லை, ஒரு நாடு எடுக்கும் முடிவு. அமெரிக்காவில் ஹவாய் மாநிலத்தில் வயதை வைத்தோ ஓட்டிய அனுபவத்தை வைத்தோ விலை வைக்கக் கூடாது என்றே சட்டம்.

இங்கே 2010 சமத்துவச் சட்டம் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, நிதிச் சேவைக்கு மட்டும் விலக்கு. பொருத்தமான, நம்பத்தக்க தரவு இருந்தால் வயதை வைத்து விலை வைக்கலாம். பாலினத்துக்கு முன்பு இதே மாதிரி விலக்கு இருந்தது. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2012 டிசம்பர் 21 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விலை. ஆண் பிள்ளைகளுக்கு இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள், பெண் பிள்ளைகளுக்கு ஏறியதுதான் உடனே கண்ணில் பட்டது.

ஸ்காபரோ சிவா | செவ்வாய், இரவு 8:33

கனடாவில் இருந்து எட்டிப் பார்க்கிறேன். ஒன்ராறியோவில் கம்பனிகள் விலையை மாற்ற மாகாணக் கண்காணிப்பு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். இருந்தும் எங்கள் பிள்ளைகள் கட்டுவதைக் கேட்டால் உங்கள் 2,240 உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஸ்காபரோ, பிரம்டன் போஸ்டல் கோட் என்றாலே கூடுதல். அதனால் “அரசு கண்காணித்தால் போதும்” என்று நம்பாதீர்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியா, மனிடோபா, சஸ்காச்சுவான் மூன்றிலும் அடிப்படைக் காப்புறுதியை மாகாண அரசின் நிறுவனமே நடத்துகிறது. கியூபெக்கில் ஆள் காயத்தை மட்டும் 1978 முதல் அரசு ஏற்கிறது, வண்டிச் சேதத்துக்குத் தனியார். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த மில்லியன் பவுண்ஸ் பயம் அங்கே கம்பனிகளுக்கு இல்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நிலவன்_20 | செவ்வாய், இரவு 11:56

இந்த இழையில் ஓட்டுகிற வயதில் உள்ளவன் நான் ஒருவன்தான் போல. பெரியவர்கள் எல்லோரும் எங்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள்.

பிளாக் பாக்ஸ் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்காதீர்கள். என்னுடையது பெட்டிகூட இல்லை, ஃபோன் ஆப். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவில் அலமாரி நிரப்பும் வேலை. பத்து மணிக்குத் தொடங்கி காலை ஆறு வரை. சில நாள் நாலரைக்கே அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குக் காரில் பத்து நிமிடம். ரோட்டில் ஒரு நரி மட்டும் குறுக்கே போகும். அந்தப் பத்து நிமிடத்துக்காக என் ஸ்கோர் குறைகிறது, இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டினால் ‘அபாயமான நேரம்’. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு லேக்சைட் மால் சுற்றப் போகிறவனுக்குப் பச்சை, வேலைக்குப் போய் வருகிற எனக்கு மஞ்சள்.

இன்னொன்று, மாமாவின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து பர்மிங்காமுக்குக் கல்யாணத்துக்குப் போனோம். மாமா எம்40 மோட்டார்வேயில் பறந்தார். ஆப் அதை என் பயணமாக எழுதிவிட்டது. நான் ஓட்டவில்லை என்று ஆப்பில் மாற்றலாம், ஆனால் வரம்பு நேரம் தாண்டிவிட்டதாம். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. கஸ்டமர் சர்வீஸில் பேசினேன், “சிஸ்டம் அப்படித்தான்” என்றார்கள்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டி நல்ல ஸ்கோர் எடுத்தாலும் அடுத்த கம்பனிக்குப் போகும்போது அந்த ஸ்கோரை எடுத்துக்கொண்டு போக முடியாது. நோ க்ளெய்ம்ஸ் போனஸுக்கு (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) மட்டும் கடிதம் தருகிறார்கள். என் ஓட்டம் முழுவதையும் அளந்து வைத்திருக்கிறார்கள், எனக்கு உதவ வேண்டிய இடத்தில் மட்டும் அது இல்லை.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 8:10

தம்பி, இந்த இழையிலேயே உருப்படியான கோரிக்கை உங்களுடையதுதான். இரவு ஓட்டம் அபாயம் என்பது உண்மை, ஆனால் அந்த அபாயத்தில் பெரும்பகுதி நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவதில் இருக்கிறது. தனியாக ஒரே வழியில் வேலை முடிந்து வருபவனை அதோடு சேர்த்துத் தட்டுவது சோம்பேறித்தனமான மாடல். ஸ்கோரைக் கையோடு எடுத்துப்போவதும் செய்யக்கூடியதே. எங்கள் துறையில் அதை விரும்பாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. நல்ல ஓட்டுநர் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் வைத்திருக்கும் உங்கள் தரவு முழுவதையும் கேட்கலாம். கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பர்மிங்காம் பயணத்தைப் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எட்டு வாரத்தில் ஒழுங்கான பதில் இல்லை என்றால் நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், இலவசம்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9:25

இந்த இழையில் “மாதம் 60 பவுண்டுக்கு ஃபுல் இன்சூரன்ஸ், வாட்ஸ்அப் பண்ணுங்கள்” என்று பதிவிட்ட கணக்கை நீக்கியிருக்கிறேன். இவர்கள் போலி முகவர்கள். பொய் விவரம் கொடுத்து உங்கள் பெயரில் பாலிசி எடுப்பார்கள், அல்லது கள்ளச் சான்றிதழ் அடித்துத் தருவார்கள். பொலிஸ் கமரா நம்பர் பிளேட்டைப் படித்ததும் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். முகவரின் பெயர் எஃப்சிஏ (நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் காசு அனுப்பாதீர்கள்.

தவமணி | புதன், மாலை 5:44

தபால் குறியீடு விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே? மகள் டூட்டிங்கில் இருந்து எப்சம் பக்கம் அறைக்கு மாறிப் போகும்போது அதே கார், அதே வேலை, பிரீமியம் பல நூறு குறைந்தது. திரும்ப வீட்டுக்கு வந்ததும் ஏறிவிட்டது. அவள் இன்னும் மோசமாக ஓட்டக் கற்றுக்கொண்டு வரவில்லை.

2022 மார்ச்சில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனைத் தொண்டு அமைப்பு ஒரு அறிக்கை விட்டது. வெள்ளையரல்லாதவர்கள் கார் காப்புறுதிக்கு வருடத்துக்குச் சராசரியாக 250 பவுண்ஸ் கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று. நாங்கள் இனத்தைக் கேட்பதே இல்லை என்று காப்புறுதித் துறை பதில் சொன்னது. கேட்கத் தேவையில்லையே, தபால் குறியீடு சொல்லிவிடுமே. வயது ஒரு அடி, இடம் இன்னொரு அடி. எங்கள் பிள்ளையளுக்கு இரண்டும் விழுகிறது.

குரொய்டன்காரன் | புதன், மாலை 6:30

தங்கச்சி, இடத்தைப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை என்று சொல்ல முடியாது. கார் திருட்டு, நெரிசல், போலி விபத்து எல்லாம் சில பகுதிகளில் கூட. ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு க்ளெய்ம் வந்தது, எவ்வளவு பிரீமியம் வாங்கினார்கள் என்பதை எங்களுக்குக் காட்டட்டும். காட்டிய பிறகு கதைப்போம். மூடி வைத்துக்கொண்டு நம்பு என்றால் நானே நம்ப மாட்டேன்.

சுமதி_தாதி | புதன், இரவு 10:40

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் (ஏ அண்ட் ஈ) தாதியாக இருக்கிறேன். கடிதத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்: படிப்படியான லைசன்ஸ். புதிதாக பாஸ் பண்ணிய பிள்ளைகள் முதல் ஆறு மாதம் இரவில் தங்கள் வயதுக்காரரை ஏற்றக் கூடாது. சனி அதிகாலை மூன்று மணிக்கு ஒரே காரில் வந்த நான்கு பேருக்கு நான்கு கட்டில் தேட வேண்டிய இரவுகள் எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஓட்டியவன் நடந்து வருவான். வெளியே கதிரையில் இருந்து, “அவனுக்கு எப்படி இருக்கு?” என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

விபத்துக் குறைந்தால்தான் விலை குறையும். மற்றதெல்லாம் யார் கட்டுவது என்ற சண்டைதான்.

ஸ்காபரோ சிவா | புதன், இரவு 11:02

இங்கே ஒன்ராறியோவில் 1994 முதல் இருக்கிறது. பழகுகிறவருக்கு ஜி1, இடைநிலைக்கு ஜி2, பிறகுதான் முழு ஜி லைசன்ஸ். ஜி2 எடுத்த முதல் ஆறு மாதம், 19 வயது வரை, நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை அந்த வயதில் ஒருவரை மட்டும்தான் ஏற்றலாம். உடன்பிறப்புகளுக்கு விலக்கு. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

நிலவன்_20 | வியாழன், காலை 6:35

சுமதி அக்கா, நீங்கள் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஷிஃப்டில் மூன்று பேர் ஒரே காரில் வருகிறோம். பெட்ரோல் பிரித்துக் கட்டுகிறோம். இந்த விதி வந்தால் மூன்று பேரும் தனித்தனியே மூன்று கார் எடுக்க வேண்டும், மூன்று 2,000 பவுண்டு இன்சூரன்ஸ். குறைக்கச் சொல்லி எழுதும் கடிதத்தில் இதைச் சேர்ப்பதா?

சுமதி_தாதி | வியாழன், காலை 7:20

வேலைக்குப் போவதற்கு விலக்கு வைக்கலாம். வட அயர்லாந்தில் புது ஓட்டுநருக்குக் கட்டுப்பாடு உண்டு, அதற்கு அடையாளமாக ஆர் பிளேட் ஒட்ட வேண்டும். ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே நடக்கிறதுதானே. விலக்கோடு எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டாலும் போடுவேன், ஆனால் மனமில்லாமல்.

ஈஸ்ட்ஹாம் கதிர் | வியாழன், பகல் 12:50

எல்லாம் சரி, அரசாங்கம் “விலையில் தலையிட மாட்டோம்” என்று பழையபடி சொன்னால்?

கணக்குப்பிள்ளை | வியாழன், பகல் 1:30

தலையிட்டிருக்கிறார்கள். பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் எஃப்சிஏ விதி போட்டது. முடியாது, சந்தை குலைந்துவிடும் என்று எங்கள் துறை புலம்பியது. ஒன்றும் குலையவில்லை. 2023 ஜூலை முதல், வாங்கும் விலைக்கு ஏற்ற மதிப்பு இருக்கிறது என்று நிறுவனங்கள் நிரூபிக்க வேண்டிய கடமையும் வந்துவிட்டது. மாதத் தவணை வட்டியைப் பற்றி 2024 அக்டோபரில் எஃப்சிஏ தனியாக ஆய்வே தொடங்கியது, அரசும் அதே மாதம் மோட்டார் இன்சூரன்ஸ் பணிக்குழு அமைத்தது. மொத்தமாகக் கட்ட முடியாதவனுக்கு 20, 30 சதவீத வட்டி. பணம் வராவிட்டால் பாலிசியை நிறுத்திவிடலாம், அந்தக் கடனில் என்ன பெரிய ஆபத்து? கடிதத்தில் 2022, 2023 விதிகள் இரண்டையும் முன்னுதாரணமாக எழுதுங்கள்.

ரெயினர்ஸ்லேன் அப்பா | வெள்ளி, இரவு 9:55

மகன் உதவியோடு வரைவு எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

“ஐயா/அம்மா, நாங்கள் உங்கள் தொகுதியில் வசிக்கும் பெற்றோரும் இளம் ஓட்டுநர்களும். இளைஞர்களுக்கு விபத்து அபாயம் கூட என்பதை நாங்கள் மறுக்கவில்லை, விலைக்கு உச்சவரம்பும் கேட்கவில்லை. சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றுக்கு 18 வயது அப்ரென்டிஸ் ஒருவர் 240 பவுண்டு வரி கட்டுவதைக் கருவூலத்திடம் கேள்வியாக எழுப்புங்கள். லைசன்ஸ் பெற்ற முதல் இரண்டு வருடத்துக்கு அந்த வரியை நீக்குங்கள். மாதத் தவணை வட்டி, கடன் கொடுப்பதால் ஆகும் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. பிளாக் பாக்ஸ் ஸ்கோர் ஓட்டியவருக்குச் சொந்தமாக வேண்டும், வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடிய வேண்டும், வேலைக்குப் போகும் இரவுப் பயணத்துக்குத் தண்டனை கூடாது. தபால் குறியீடுவாரியாகப் பிரீமியத்தையும் க்ளெய்மையும் எஃப்சிஏ வெளியிட வேண்டும். புது ஓட்டுநர்களுக்கு இரவுப் பயணிகள் கட்டுப்பாடு வந்தால், வேலைப் பயணத்துக்கு விலக்கோடு நாங்கள் ஆதரிப்போம்.”

நாடாளுமன்ற மனுவும் போடலாம். தொடங்க ஐந்து ஆதரவாளர் வேண்டும். 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம் வந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். முதலில் எம்பியின் வாராந்தர சந்திப்புக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

நிலவன்_20 | வெள்ளி, இரவு 10:14

கடைசி வாக்கியத்தில் “நாங்கள்” என்பதை “எங்களில் பலர்” என்று மாற்றுங்கள் அண்ணை. மாற்றினால் என் பெயரும், ஷிஃப்டில் உள்ள மற்ற இருவர் பெயரும்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:31

வரி வாக்கியத்தில் 240 என்று மட்டும் போடாமல், 560இல் 60 என்ற உங்கள் கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். மகனுடைய கொட்டேஷனை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு. தவமணி அக்காவின் மகளுடைய டூட்டிங், எப்சம் கொட்டேஷன் இரண்டும் கிடைத்தால் இன்னும் நல்லது.

தவமணி | வெள்ளி, இரவு 10:50

மின்னஞ்சலில் இருக்கும், தேடி நாளைக்கு அனுப்புகிறேன். எங்கள் எம்பி வேறு என்றபடியால் இதே கடிதத்தை டூட்டிங்கில் நான் கொண்டு போகிறேன். இந்தப் பக்கம் யாராவது கூட வருவீர்களா? சனிக்கிழமை காலை என்றால் எனக்கு வேலை இல்லை.